தேசிய கப்பல் கம்பெனின்னு எதைச் சொல்லலாம்? வழக்கமா நடக்கற தப்புகள்

கப்பல்ல எந்த நாட்டுக் கொடி பறக்குதோ அந்த நாட்டு கம்பெனிதான்னு முடிவு பண்ணிடறாங்க பாருங்க, முதல் தப்பே அங்கதான் ஆரம்பிக்குது. கொடி சொல்றது கப்பல் எந்த நாட்டோடதுன்னு, அதை ஓட்டற லைன், அதாவது கப்பல் கம்பெனி, எந்த நாட்டோடதுங்கறது தனி கேள்வி. கப்பலோட நாட்டைப் பத்தி 1982 கடல் சட்ட உடன்படிக்கை 91வது பிரிவு பேசுது. லைன் விஷயத்துக்கு 1974ல ஜெனீவால போட்ட ஐ.நா. லைனர் கோடு, அதாவது ஒரே ரூட்ல தவறாம ஓடற லைன்களோட கூட்டங்களுக்கான நடத்தை விதிகள், அதைத்தான் பாக்கணும், அது 1983 அக்டோபர்ல அமலுக்கு வந்துச்சு.

அதுல தேசிய கப்பல் லைன்னா என்னன்னு கேட்டா, கப்பலை இயக்கற கேரியரா, அதாவது தானே கப்பல் ஓட்டி சரக்கு தூக்கற கம்பெனியா, இருக்கணும், நிர்வாகத்தோட தலைமை ஆபீஸும் உண்மையான கன்ட்ரோலும் அந்த நாட்டுல இருக்கணும், அதுக்கு மேல அந்த நாட்டோட உரிய அதிகார அமைப்போ சட்டமோ அதை தேசிய லைன்னு அங்கீகரிச்சிருக்கணும். கொடியைப் பத்தி இந்த வரையறைல பேச்சே இல்ல. அதனால பனாமா கொடியோட ஓடற கப்பல் வச்சிருக்குங்கறதுக்காக மட்டும் ஒரு லைனைத் தள்ளிட முடியாது.

சிலர் உல்டாவா, கம்பெனியை இங்க ரிஜிஸ்டர் பண்ணிட்டோம், போர்டு மாட்டிட்டோம், போதும்னு நினைக்கறாங்க. போதாது. முக்கிய முடிவெல்லாம் வேற நாட்டுல உக்காந்து எடுத்தா உண்மையான கன்ட்ரோல் எங்க இருக்குன்னு கேப்பாங்க, என்னைக் கேட்டா சண்டையே வர்ற இடம் இதுதான், ஏன்னா அந்த கன்ட்ரோலை எப்படி அளக்கறதுன்னு அந்த வரையறை விளக்கவே இல்ல, பங்கு இவ்வளவு சதவீதம்னு ஒரு கணக்கும் தரல. ரெண்டு மூணு நாடு சேர்ந்த ஜாயின்ட் வென்ச்சரா இருந்தாலும் அங்கீகாரம் கிடைக்கலாம், ஆனா அந்த நாடுகளோட பங்கு கணிசமா இருக்கணும், தலைமை ஆபீஸும் கன்ட்ரோலும் அதுல ஒரு நாட்டுல இருக்கணும். அரசாங்க கம்பெனியா இருந்தாத்தான் தேசிய லைன்ங்கறதும் தப்பு, தனியாரும் ஆகலாம்.

அடுத்தது, சொந்தக் கப்பல் இருந்தே ஆகணும்னு ஒரு நம்பிக்கை. கான்ஃபரன்ஸ்ல, அதாவது ரேட்டை சேர்ந்து பேசி ஒரே ரூட்ல ஓடற லைன்களோட கூட்டத்துல, மெம்பராக தொடர்ந்து ஒழுங்கா சர்வீஸ் நடத்த முடியும்னு காட்டணும், அதுக்கு சார்ட்டர் எடுத்த, அதாவது வாடகைக்கு எடுத்த, கப்பலைக் காட்டலாம்னு கோடே சொல்லுது. ஆனா கப்பலே இயக்காம மத்தவங்க கப்பல்ல இடம் வாங்கி பில் போடற என்விஓசிசி இந்த வரையறைக்குள்ள வராது.

அப்புறம் 40-40-20ன்னு ஒரு சரக்குப் பங்கீட்டுக் கணக்கு. தேசிய லைன்னு ஆயிட்டா நாட்டோட சரக்குல 40 சதவீதம் நமக்குன்னு பேசறாங்க. கோடு சொல்றது சரக்கு கிளம்பற, போய்ச் சேர்ற ரெண்டு முனை நாட்டு லைன்களுக்கும் சம உரிமை, மூணாவது நாட்டு லைன்களுக்கு 20 சதவீதம் மாதிரி ஒரு கணிசமான பங்கு, அதுவும் வேற மாதிரி பேசி முடிக்காட்டித்தான். 40ங்கற எண்ணு இந்தக் கணக்குல இருந்து வர்ற பேச்சு வழக்கு. அதோட இது கான்ஃபரன்ஸ் தூக்கற லைனர் சரக்குக்கு மட்டும்தான், நிலக்கரி, கச்சா எண்ணெய் மாதிரி மொத்தமா சார்ட்டர்ல போறதுக்கு இதைத் தூக்கிட்டு வராதீங்க. பங்கு கேக்கவேண்டிய நாட்டுக்கு லைனே இல்லன்னா அந்தப் பங்கு சும்மா கிடக்காது, ஓடற மெம்பர்கள் அவங்கவங்க பங்குக்கு ஏத்தபடி பிரிச்சுக்குவாங்க.

பழைய விதியை இன்னைக்கும் அப்படியே இருக்குன்னு எழுதறதும் நிறைய நடக்குது. ஐரோப்பாவுல 1979ல போட்ட 954ஆம் எண் ஒழுங்குமுறை, உறுப்பு நாட்டுல நிலைச்சிருக்கற லைனையும் தேசிய லைன்ல சேக்கலாம்னு வழி விட்டுச்சு, அதை அப்புறம் ரத்து பண்ணிட்டாங்க, 2008 அக்டோபர்லருந்து அங்க கான்ஃபரன்ஸ் சேர்ந்து ரேட் பேசறதுக்கு இருந்த போட்டிச் சட்ட விலக்கும் போச்சு. அமெரிக்கா அந்த கோடுல சேரவே இல்ல.

அதனால ஒரு குறிப்பிட்ட ரூட்டுக்கு பதில் வேணும்னா ரெண்டு நாடும் கோடுல இருக்காங்களா, சில விதி எங்களுக்குப் பொருந்தாதுன்னு ரிசர்வேஷன் வச்சிருக்காங்களா, ரெண்டு பேருக்கும் நடுவுல தனி கப்பல் ஒப்பந்தம் இருக்கான்னு பாத்துட்டு, இருந்தா அதுல இருக்கற வரையறையை முதல்ல படிங்க, சில ஒப்பந்தம் கொடியையே நிபந்தனையா வச்சிருக்கும்.