எல்லோருக்குமான கலைவிழா நடத்த வேண்டுமா? படிவத்திலிருந்து தொடங்குங்கள்

பெரிய இடத்துக் கலைவிழாக்களில் ‘அனைவரும் வருக’ என்று பேனர் கட்டியிருப்பார்கள். யார் வர முடியும் என்பது அதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பப் படிவத்தில் முடிவாகியிருக்கும். தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் அந்தப் படிவத்தைக் கையில் எடுங்கள்.

அதில் கேட்பவை: திருப்பித் தராத கட்டணம், ஸ்டாலுக்கு முன்பணம், போன விழாவில் போட்ட ஸ்டாலைக் காட்டும் புகைப்படம். மூன்றாவதுதான் விஷமம். இதுவரை எங்கும் ஸ்டால் போடாதவர் எந்தப் படத்தை அனுப்புவார்? அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். முதல்முறை வருபவரிடம் கட்டணம் வாங்காதீர்கள். பந்தலும் மேசையும் விழாச் செலவில் கொடுங்கள், இரண்டு பேர் ஒரு ஸ்டாலைப் பங்கிட்டுக்கொள்ளவும் விடுங்கள். படைப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எழுத்துக்காரர்தான் ஜெயிப்பார், ஓவியர் தோற்பார். தன் மொழியில் பேசி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் போதும்.

அப்புறம் தேர்வு. பெயர், படிப்பு, ஊர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் படைப்பை மட்டும் காட்டுங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952-லேயே, வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு நடத்தியது. ஆனால் விண்ணப்பமே போடாதவரைத் திரை கூட்டிக்கொண்டு வராது. அவரைத் தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். இன்னொன்று, பேச்சு தொடங்குமுன் நடுவர்கள் தனித்தனியாக மதிப்பெண் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூத்தவர் ஒருவர் “இது கைவினை, கலை இல்லையே” என்றால் போதும், சுற்றியிருக்கும் தலைகள் ஆடிவிடும். அப்படிப் பின்வாசல் பக்கம் தள்ளப்படுவது பெரும்பாலும் பெண்களின் நெசவும் தையலும்தான்.

மேடைக்கு வருவோம். பார்வையாளருக்குச் சாய்தளம் போடுகிற விழாக்கள்கூட மேடைக்குப் போட மறந்துவிடும். சக்கர நாற்காலியில் வந்த பாடகரை நாலு பேர் தூக்கிவிடுவார்கள், அதையும் ஒருவர் போட்டோ எடுப்பார். சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். மேடை 60 செ.மீ. உயரமென்றால் 7.2 மீட்டர் நீளம் வேண்டும். விழா அன்று காலையில் பலகை தேடினால் நடக்கிற காரியமா? பந்தல் வரைபடத்திலேயே அந்த இடத்தை ஒதுக்குங்கள். படங்களுக்கான குறிப்பு அட்டையைச் சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், பெரிய எழுத்தில் ஒட்டினால் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம்.

சைகைமொழி பெயர்ப்பாளர் இரண்டு பேர் வேண்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் கையும் மூளையும் களைத்துவிடும். பாடல் வரிகளை முன்கூட்டியே அவர்களிடம் கொடுங்கள். மேடை விளக்கை அணைக்கும்போதும் அவர்கள் மேல் வெளிச்சம் இருக்கட்டும். இருட்டில் சைகை செய்து யாருக்கு என்ன பயன்?

வாசல் காவலரிடமும் பேசிவிடுங்கள். செருப்பையும் சட்டையையும் பார்த்து “யாரைப் பார்க்கணும்?” என்று அவர் கேட்டால், வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்.

கடைசியாகப் பணம். ஒரே அளவு நேரம் மேடையில் நிகழ்த்துகிறவர்களுக்கு ஒரே தொகை. “பெரிய ஆட்கள் பார்ப்பார்கள், நல்ல வாய்ப்பு” என்பதைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தொகையையும் அன்றே கொடுங்கள். மாதச் சம்பளக்காரர் மூன்று மாதம் பொறுப்பார். வண்டி வாடகைக்குக் கடன் வாங்கி வந்தவரால் முடியாது, அடுத்த வருடம் அவர் விண்ணப்பிக்கவும் மாட்டார்.