டிரங்குப் பெட்டியில் கிடக்கும் கொழும்புக் கடிதங்களை வாசிப்பது எப்படி

நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் நிறைய வீடுகளில் இது இருக்கும்: கொழும்பில் கடை வைத்திருந்த தாத்தா எழுதிய கடிதக் கட்டு. எங்கள் ஆச்சி பெட்டியில் முப்பத்தொன்று இருந்தன. எடைக்குப் போட எடுத்துவைத்ததை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வாசித்து முடிக்க ஒரு கோடை விடுமுறை ஆனது.

முதலில் தேதியைப் பிடியுங்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘விளம்பி௵ வைகாசி௴ ௨௰௳’ என்று இருக்கும். ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. ௨௰ என்றால் இருபது. நடுவில் ௸ வந்தால் ‘மேற்படி’.

எண்களில்தான் நான் ஏமாந்தேன். ‘௹ ௨௫ அனுப்பியிருக்கிறேன்’ என்பதை ‘உரு அனுப்பியிருக்கிறேன்’ என்று வாசித்து, என்ன உருவோ என்று இரண்டு நாள் குழம்பினேன். ௹ ரூபாய்க் குறி, ௨ இரண்டு, ௫ ஐந்து. தாத்தா இருபத்தைந்து ரூபாய் அனுப்பியிருக்கிறார்! ௧ க மாதிரி, ௪ ச மாதிரி, ௬ சு மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பி அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. நம் சீமையில் மலையாளத்துக் கொல்லம் ஆண்டும் புழங்கியது, அதையும் தேடுங்கள். எனக்கு ௧௧௩௩ கிடைத்தது, அதாவது 1133. தை முதல் ஆடி வரை எழுதிய கடிதம் என்றால் 825-ஐக் கூட்டுங்கள். ஆவணி முதல் மார்கழி வரை என்றால் 824 (மார்கழிக் கடைசியில் ஜனவரி பிறந்துவிட்டால் 825). வைகாசி என்பதால் 1958. ஜூன் முதல் வாரம்.

அப்புறம் பழைய எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடேயே சுழிந்துவிடும். பெரியார் 1935-லேயே தன் குடிஅரசு பத்திரிகையில் இன்றைய புது வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். அரசு ஏற்றுக்கொண்டது 1978 அக்டோபரில்தான். புள்ளி வைக்காமல் எழுதுகிறவர்களும் உண்டு, கால் எது ர எது என்றே தெரியாது. வாய்விட்டு வாசியுங்கள், பிடிபட்டுவிடும்.

தேதி கிடைத்ததும் அந்த மாதம் உலகத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். நான் சொன்ன கடிதத்தில் இப்படி ஒரு வரி: ‘கடைப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தோம். பயப்பட வேண்டாம்.’ வர்ணம் அடிக்கக் கழற்றினார்கள் என்றே நினைத்திருந்தேன். 1956-ல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. தமிழுக்கும் இடம் தர 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் முறிந்தது. வண்டி எண்பலகையில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் போடுவதில் தகராறு மூண்டு, தமிழ்ப் பலகைகளில் தார் பூசினார்கள். மே கடைசியில் கலவரம், 27-ஆம் தேதி அவசரநிலை. அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் தாத்தா ‘பயப்பட வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார். பலகையில் இருந்தது தமிழ் எழுத்து.

தேதியே இல்லாத கடிதத்துக்கும் வழி உண்டு. ‘தனுஷ்கோடி வழியாக வருகிறேன்’ என்று இருந்தால் அந்த ஊரை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. அந்த வருட அக்டோபரில்தான், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை பற்றி இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை ஒட்டிய கடிதங்களில் ‘பாஸ்போர்ட்’, ‘பதிவு’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

கிழிந்த மடிப்பில் செலோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் காகிதத்தையும் தின்றுவிடும். கண்டுபிடித்த தேதியைப் பென்சிலால் பின்பக்க மூலையில் எழுதி, வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எங்கள் ஆச்சி அந்த இருபத்தைந்து ரூபாயில் என்ன வாங்கினாள் என்றுகூடச் சொன்னாள்: அத்தைக்குப் பாவாடைத் துணி, மிச்சத்துக்கு ஒரு மூடை நெல்.