மோட்டார்ஹோமில் இருவராக அறியாத பகுதியைச் சுற்றிப் பார்க்கும் முறை

அறிமுகமில்லாத பகுதிக்கு மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதிகளோடு வீடுபோல் அமைந்த வண்டியில்) புறப்படும் தம்பதியர், முதலில் வண்டியின் உயரம், அகலம், மொத்த எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஓட்டுபவரின் கண்ணெதிரே ஒட்டிவைக்க வேண்டும். தாழ்வான பாலத்தின் எச்சரிக்கைப் பலகை தென்பட்ட பிறகு யோசித்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. கூரைமேல் உள்ள ஏசி பெட்டியையும் சூரிய மின்தகட்டையும் சேர்த்தே உயரத்தை அளக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது என்பதால், 100 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுவது வீண் சுமை. வழியில் நீர் கிடைப்பது உறுதியானால் பாதியளவு போதும்.

ஒருவர் ஓட்ட, மற்றவர் வழிகாட்ட வேண்டும். கைபேசி காட்டும் குறுக்குவழி பெரும்பாலும் சிறிய காருக்கானது என்பதை வழிகாட்டுபவர் மறக்கலாகாது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது அவர் கீழே இறங்கி, ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று, முன்பே பேசிவைத்த கைச்சைகைகளையே காட்ட வேண்டும். கூச்சலிட்டால் குழப்பத்தோடு மனத்தாங்கலும் வரும்.

பழைய நகரங்களின் குறுகிய தெருக்களுக்குள் நுழையாமல், ஊரின் எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தோ மிதிவண்டியிலோ சென்று பார்ப்பதே எங்கள் அனுபவத்தில் சிறந்தது. நாளொன்றுக்கு ஓரிரு இடங்கள் போதும். பொழுது சாயுமுன் தங்குமிடத்தை அடைந்தால், சமமான தரையைப் பகலொளியிலேயே தேர்ந்து சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிடலாம். கழிவுநீரை அதற்கென அமைந்த இடத்தில் மட்டுமே வெளியேற்ற வேண்டும்.