எட்டு ரேஸில் ஆறை விடுவது எப்படி

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ்கோர்ஸுக்குச் சீல் வைத்த பிறகு, எங்கள் பழைய கூட்டத்தில் மிச்சம் இருப்பவர்கள் பெங்களூருக்குப் போகிறோம். காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஆறு மணி நேரம். சில நாள் போய்ச் சேருவதற்குள் முதல் ரேஸ் முடிந்திருக்கும். முடியட்டும். ஒரு ரேஸ் ஓடும்போது பணம் போடாமல் சும்மா நிற்கப் பழகாதவருக்கு மற்ற எதையும் சொல்லித் தந்து பயனில்லை.

புதிதாக வரும் தம்பிகள் கேட்பது "எந்தக் குதிரை அண்ணே?" என்றுதான். முதல் கேள்வி பணம். சீசன் முழுவதற்கும், போனால் போகட்டும் என்று வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடிய தொகையை ஒதுக்குங்கள். கடன் வாங்கிய காசும் ஸ்கூல் ஃபீஸும் அதில் வரவே கூடாது. அதை ஐம்பதாகப் பிரித்து, ஒரு பந்தயத்துக்கு ஒரு பங்கு. பத்தாயிரம் என்றால் வரியோடு சேர்த்து 200. ஜெயித்தாலும் 200, தோற்றாலும் 200. கார்டை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்பதெல்லாம் ஜீபே காலத்தில் செல்லாது. நான் அந்த அக்கவுண்டில் திரும்பி வரும் செலவுக்கு மேல் விடுவதில்லை.

தோற்றதும் அடுத்ததில் இரட்டிப்பாகப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாலில் ஒரு முறை ஜெயிக்கிற கெட்டிக்காரருக்கே, எட்டுப் பந்தயம் போட்டால் எட்டும் தோற்க ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. 200-இல் ஆரம்பித்து இரட்டித்துப் பாருங்கள், எட்டாவது பந்தயம் 25,600.

சரி, எந்த ரேஸ்? ரயிலில் ரேஸ் புத்தகத்தை விரித்ததும் நான் முதலில் செய்வது, வேண்டாத ரேஸ்களைக் கோடு போட்டு அடிப்பதுதான். இதுவரை ஓடாத குட்டிகள் நிறைந்த ரேஸ், அடி. பாதிக் குதிரைகள் நீண்ட ஓய்வுக்குப் பின் வருகின்றன, அடி. முந்தைய நாள் மழை பெய்து தரை இளகியிருந்தால் இன்னும் இரண்டு போகும். மிஞ்சுவது இரண்டு, மூன்று. அவற்றில் மட்டும் உட்கார்ந்து படியுங்கள்: கடைசி ஐந்து ஓட்டம், தூரம், சுமக்கும் எடை, டிரா (எந்த வாசலிலிருந்து கிளம்புகிறது), ஜாக்கி மாறியிருக்கிறாரா. ஹேண்டிகேப் ரேஸ் என்றால் குதிரையின் திறமைக்கேற்ப எடை ஏற்றுவது. அதில் போன தடவை ஜெயித்த குதிரையின் ரேட்டிங் ஏறியிருக்கும், அதோடு முதுகில் எடையும் ஏறும். கூட்டம் ஜெயித்ததைத்தான் பார்க்கும். நீங்கள் எடையைப் பாருங்கள்.

அப்புறம் விலை, அதாவது ஜெயித்தால் போட்டதற்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்பது. விலைப் போர்டைப் பார்க்கும் முன்பே, இந்தக் குதிரைக்கு எவ்வளவு கிடைத்தால் போடுவேன் என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அது உங்கள் கணக்கு இல்லை, பந்தயம் வாங்கும் புக்கியின் கணக்கு. வரியையும் சேர்த்தே எழுதுங்கள். 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி 40 சதவீதம், அதுவும் போட்ட பணத்தின் மேல். 100 ரூபாய் பந்தயத்துக்குக் கையிலிருந்து 140 போனால், மூன்றுக்கு ஒன்று விலையில் ஜெயித்துத் திரும்புவது போட்ட 100-ஐயும் சேர்த்து 400. வரியே இல்லையென்றால் அந்த விலைக்கு நாலில் ஒரு தடவை ஜெயித்தால் கைக்குக் கை சரியாகும். இப்போது நூற்றுக்கு 35 தடவை ஜெயிக்க வேண்டும். எழுதிய விலை கிடைக்கவில்லையா, புத்தகத்தை மூடுங்கள். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீதம் வருமான வரி வேறு இருக்கிறது. தோற்றதை அதில் கழிக்க விடமாட்டார்கள்.

விலை கிடைத்தாலும், ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்குக்கு ஒரு நடை போய்வாருங்கள். கிண்டி வெயிலில் எல்லாக் குதிரைக்கும்தான் வியர்த்தது. பெங்களூர்க் காற்றில் மற்றவை காய்ந்திருக்க, ஒன்றுக்கு மட்டும் பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை கட்டியிருந்தால் நான் விட்டுவிடுவேன். சைஸ் (குதிரைக்காரர்) பிடித்து நிறுத்தப் பாடுபடுகிற குதிரையும் அப்படித்தான், ஓடும் முன்பே பாதி ஓடிவிட்டது. இதைப் பார்க்கும் நேரத்தில் காதருகே ஒருவர் வந்து "ஸ்டேபிள் டிப், ஷ்யூர்" என்பார், லாயத்திலிருந்தே வந்த துப்பு என்று அர்த்தம். அவர் அடுத்த ஆளிடம் வேறு குதிரையின் பெயரைச் சொல்வார். போனில் பந்தயம் வாங்கும் ஆட்களிடம் போகவே வேண்டாம், அது சட்டவிரோதம், கடனும் கொடுப்பார்கள்.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிண்டிக்கு வந்த ஒவ்வொருவரும் அதைத் தனக்குத் தந்த சான்றிதழாக எடுத்துக்கொண்டார்கள்! அந்தத் திறமைசாலிகளைக் கடைசி ரேஸில் பார்க்க வேண்டும். விட்டதைப் பிடிக்க, இருபதுக்கு ஒன்று குதிரையின் மேல் மிச்சக் காசு முழுவதையும் கொட்டுவார்கள். காலையில் அடிக்காமல் விட்ட ரேஸ் அதுவாக இல்லாவிட்டால், அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஆட்டோவும் சுலபமாகக் கிடைக்கும்.

ரயிலில் நோட்டு எழுதுங்கள். குதிரை, தூரம், நான் எழுதிய விலை, கிடைத்த விலை, ஏன் போட்டேன் என்று ஒரு வரி, முடிவு. போடாமல் விட்டவற்றையும் எழுத வேண்டும், அதில்தான் நிறையத் தெரியும். சீசன் முடிந்ததும் தூரவாரியாகக் கூட்டுங்கள். எனக்கு 1,400 மீட்டரும் அதற்கு மேலும் கையைக் கடிப்பதில்லை, 1,000 மீட்டரில் மட்டும் காசு கரைகிறது என்று அந்த நோட்டுதான் காட்டியது. இப்போது 1,000 மீட்டர் ரேஸ் என்றால் நான் கேன்டீனில் இருப்பேன்.