திருகோணமலையிலிருந்து மெல்பேர்ண்: நடுவில் ஒரு நாள் சிங்கப்பூரில் இறங்கிப் போவது எப்படி?

பிள்ளைகளைப் பார்க்க மெல்பேர்ணுக்கோ சிட்னிக்கோ போகிற அம்மா அப்பாமார் நம்மூரில் ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது இருப்பார்கள். அவர்களுக்கும், அங்கிருந்து அவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிற பிள்ளைகளுக்கும்தான் இந்தக் குறிப்பு. நீண்ட பயணத்தை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு நகரத்தில் இறங்கித் தூங்கி எழும்பிப் போவதைத்தான் ஸ்டொப்ஓவர் என்கிறார்கள். முதல் தடவை செய்கிறவர்களுக்குச் சிங்கப்பூர்தான் சுலபம் என்பது என் கணிப்பு. அதனால் அதையே உதாரணமாக எடுக்கிறேன்.

கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்கு நேரடி விமானமும் இருக்கிறது, பத்தரை மணிநேர அளவில் போய்விடும். உடம்பு தாங்குகிறவர்கள் அதிலேயே போகலாம். முழங்கால் வலி, நீரிழிவு, கால் வீக்கம் உள்ளவர்கள் மேலே படியுங்கள்.

படி 1: கணக்கை வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள்

இதைப் பற்றி எழுதுகிற பலரும் விமான நிலையத்திலிருந்துதான் நேரத்தை எண்ணுகிறார்கள். நமக்கு அது சரிவராது. கட்டுநாயக்கவுக்குப் போய்ச் சேரவே 250 கிலோமீற்றர் அளவு தரைவழி ஓட வேண்டும்.

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். சிங்கப்பூர் விமானம் நள்ளிரவு தாண்டி 12.40க்கு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணிநேரம் முன்பாக, இரவு 9.40க்கு, கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் ஓட ஆறு மணிநேரம். சாப்பாடு, தேநீர், நடுவில் யாருக்காவது தலைச்சுற்று எல்லாம் சேர்த்து ஏழு என்று வையுங்கள். அப்படியானால் பிற்பகல் 2.30க்காவது வெளிக்கிட வேண்டும். சிங்கப்பூருக்குப் பறக்க நான்கு மணிநேரம். இறங்கும்போது நம்முடைய நேரம் அதிகாலை 4.40. அங்கே இரண்டரை மணிநேரம் முன்னால் என்பதால் காலை 7.10.

வீட்டு வாசலைத் தாண்டிப் பதினான்கு மணிநேரம் ஆகிவிட்டது. அன்றைக்கு விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கோணேஸ்வரத்தில் அர்ச்சனை செய்து, வழியனுப்ப வந்த சொந்தக்காரர் எல்லோருக்கும் தேநீர் ஊற்றியதையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு முழு நாள் விழிப்பு. இதற்கு மேல் மெல்பேர்ணுக்கு இன்னும் ஏழரை மணிநேரம் பறக்க வேண்டும். ஆகவே சிங்கப்பூரில் இறங்குவது முதலில் தூங்கத்தான். ஊர் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 2: எந்த நகரம் என்பதை உங்கள் கடவுச்சீட்டு சொல்லட்டும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். டிக்கெட் போடுகிற மகளிடம் அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு இருக்கும். அவருக்குக் கதவு திறக்கிற நகரமெல்லாம் இலங்கைக் கடவுச்சீட்டில் போகிற அம்மாவுக்கும் திறக்கும் என்று நினைக்கக் கூடாது.

சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் போய்வர இலங்கையருக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். அங்கிருந்து மேலே போகிற டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் வந்தால் மூடிவிட்டு, சிங்கப்பூர் குடிவரவு ஆணையத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

டுபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வர வேண்டுமானால் டிரான்சிட் விசா முன்பே எடுக்க வேண்டும். 48 மணிநேரம், 96 மணிநேரம் என்று இரண்டு வகை உண்டு. அந்த நாட்டு விமான நிறுவனம் மூலமாக விண்ணப்பிக்கலாம்.

லண்டன், பாரிஸ், ஃபிராங்க்பர்ட் வழியாகக் கனடா போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கெல்லாம் வெளியே வராமல் விமானம் மட்டும் மாறினாலே டிரான்சிட் விசா கேட்கிற நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறது. செல்லுபடியான கனடா அல்லது அமெரிக்க விசா வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வெளியே வந்து தங்குவது வேறு விஷயம், அதற்குத் தனி விசா. விதிகள் மாறுகிறவை. டிக்கெட்டுக்குக் காசு கட்டுமுன் அந்தந்த நாட்டின் அரச தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 3: டிக்கெட்டை ஒரே பதிவாகப் போடுங்கள்

விமான நிறுவனத் தளத்தில் 'மல்டி சிட்டி' என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் கொழும்பு–சிங்கப்பூர் ஒரு திகதி, சிங்கப்பூர்–மெல்பேர்ண் அடுத்த நாள் திகதி என்று போடுங்கள். சர்வதேசப் பயணத்தில் 24 மணிநேரத்துக்குள் மாறினால் அது வெறும் டிரான்சிட். அதைத் தாண்டினால்தான் ஸ்டொப்ஓவர். டிக்கெட் விலை இந்தக் கோட்டில் மாறக்கூடும் என்பதால் 22 மணிநேரத்துக்கும் 30 மணிநேரத்துக்கும் தனித்தனியாக விலை பாருங்கள்.

மலிவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுப்பதை வயதானவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலையில்லை, டிக்கெட் காசு போனதுதான்.

ஆறு மணிநேரத்துக்குக் குறைந்த இடைவெளி என்றால் நகரத்துக்குள் போக ஆசைப்படாதீர்கள். குடிவரவு, போக்குவரத்து, திரும்பி வந்து காத்திருப்பது என்று எல்லாம் கழித்தால் கையில் ஒரு மணிநேரம்கூட மிஞ்சாது.

படி 4: காலை ஏழு மணிக்கு இறங்குகிறவருக்கு அறை எங்கே?

திட்டம் பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான். ஹோட்டல்களில் அறை கிடைப்பது பிற்பகல் 2, 3 மணிக்கு. நீங்கள் இறங்குவது விடிய. அந்த ஏழெட்டு மணிநேரம் வரவேற்பறை நாற்காலியில் தூங்கி விழுவதற்கா இத்தனை செலவு?

வழிகள் இருக்கின்றன. சாங்கி விமான நிலையத்தின் உள்ளேயே மணிக்கணக்கில் அறை தருகிற டிரான்சிட் ஹோட்டல்கள் உண்டு, குடிவரவைத் தாண்ட வேண்டியதே இல்லை. அல்லது நகரத்து ஹோட்டலில் முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்து, "காலை எட்டு மணிக்குத்தான் வருவோம், அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். ஒரு இரவுக் கட்டணம் கூடுதல்தான். ஆனால் இந்தப் பயணத்தில் காசு செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான் என்பேன். மிச்சப்படுத்த வேண்டுமானால் சாப்பாட்டில், டாக்சியில் மிச்சப்படுத்துங்கள்.

படி 5: பெட்டி

கட்டுநாயக்கவில் பெட்டியைக் கொடுக்கும்போது "இது எங்கே வெளியே வரும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒட்டுகிற துண்டில் கடைசியாக எழுதியிருப்பது சிங்கப்பூரா மெல்பேர்ணா என்று நீங்களும் பாருங்கள். 24 மணிநேரம் தாண்டினால் பெரும்பாலும் சிங்கப்பூரில் வெளியே வரும். அப்படி வந்தால் இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம், சாங்கியில் கட்டணத்துக்குப் பெட்டி வைத்துவிட்டுப் போகும் இடம் உண்டு.

கைப்பையில் இரண்டு நாள் மருந்து, மருத்துவர் எழுதிய சீட்டு, ஒரு மாற்று உடுப்பு, ஒரு சுவெட்டர். சிங்கப்பூரில் வெயில் நம்மூர் போலத்தான், குளிர் கட்டடங்களுக்குள்.

இனி, கொண்டுபோகக் கூடாதவை. வெற்றிலை போடுகிற அப்பாமார் கவனிக்க: மெல்லுகிற புகையிலை சிங்கப்பூரில் தடை. சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பெட்டி என்றாலும் வரி கட்ட வேண்டும். சூயிங்கம், மின்சிகரெட் வேண்டாம். சமையலுக்கென்று கட்டி வைத்த கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அது அங்கே தடைசெய்த பொருள். மகளுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் அவுஸ்திரேலியா இறங்கும்போது அட்டையில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் போனால் பொருள்தான் போகும், மறைத்தால் தண்டம்.

படி 6: நகரத்தில் ஒரே ஒரு ரயில் பாதை

மதியம் வரை தூங்குங்கள். நான்கு மணிக்கு வெளியே வந்தால் போதும். மதியத்தில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும் என்பதால் நட்டமும் இல்லை.

விமான நிலையப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் சாங்கி நிலையத்தில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். அந்தப் பாதையிலேயே லிட்டில் இந்தியா வரும். தனி டிக்கெட் வேண்டாம், வெளிநாட்டிலும் செல்லுகிற வங்கி அட்டையை (Visa அல்லது Mastercard) கதவில் தட்டினால் திறக்கும். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். தட்டிப் பணம் கட்ட உங்கள் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று ஊரிலேயே வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, பல பலகைகளில் தமிழிலும் எழுதியிருக்கும். தேக்கா சந்தையின் உணவுக்கடைகளில் சாப்பிட்டுவிட்டு, சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். முஸ்தபா சென்டர் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். உள்ளே போனவர் இன்னொரு பெட்டி வாங்காமல் வெளியே வருவதில்லை.

கால் வலிக்கவில்லை என்றால் அதே டவுன்டவுன் பாதையில் பேஃப்ரண்ட் நிலையத்தில் இறங்குங்கள். 'கார்டன்ஸ் பை த பே' என்கிற கடலோரப் பூங்காவில் இரவு 7.45க்கும் 8.45க்கும் பெரிய இரும்பு மரங்களில் ஒளிக்காட்சி, இலவசம். வலித்தால் நேரே அறைக்கு. சென்டோசா, மிருகக்காட்சிசாலை எல்லாம் இந்தப் பயணத்துக்கு இல்லை.

தனியாகத் திரியப் பயப்படுகிற அம்மா அப்பாவுக்கு இன்னொரு வழி: ஐந்தரை மணிநேரத்துக்கும் 24 மணிநேரத்துக்கும் இடையில் டிரான்சிட் உள்ளவர்களைச் சாங்கி நிர்வாகமே இலவசமாகப் பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டிக் கொண்டுவந்து விடும். குடிவரவைத் தாண்டுமுன், டிரான்சிட் பகுதியில் உள்ள மேசையில் பதிய வேண்டும். நீங்களாக வெளியே வந்துவிட்டால் அது கிடைக்காது.

திரும்பி வரும்போது

திரும்புகிற வழியில் சிங்கப்பூரில் தங்காவிட்டாலும் பரவாயில்லை, கட்டுநாயக்கவில் தங்குவதைப் பற்றி யோசியுங்கள். மாலையில் சிங்கப்பூரை விட்டு வருகிற விமானம் இரவில்தான் இறங்கும். உடனே வான் வண்டியில் ஏறினால் ஹபரணை–கந்தளாய்ப் பாதை விடியற்காலை இருட்டில் வரும். அது யானை குறுக்கே வருகிற பாதை, சாரதியும் இரவு முழுக்க விழித்தவராக இருப்பார். நீர்கொழும்புப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தூங்கி, காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி வான்காரரிடம் போகுமுன்னரே பேசிவையுங்கள்.