நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங்: பேக் இயர் கணக்கிலிருந்து ரிப்போர்ட் வரை

நுரையீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. உள்ளே ஒரு கட்டி முளைத்தால், அது வளர்ந்து மூச்சுக்குழாயையோ நெஞ்சுச் சுவரையோ தொடும்வரை பெரும்பாலும் சத்தமே இருக்காது. இருமலில் ரத்தம் வந்த பிறகு ஓடுகிறவர்களில் பலருக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிப் போயிருப்பது இதனால்தான். அதனால், ஒரு தொந்தரவும் இல்லாத நாளிலேயே, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். அதுதான் ஸ்கிரீனிங். இதில் ஸ்கேன் எடுப்பது மிகச் சுலபமான பகுதி. அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை இருக்கிறது.

படி 1: பேக் இயர் கணக்குப் போடுங்கள்

யாருக்கு ஆபத்து அதிகம் என்று பார்க்க, இதுவரை எவ்வளவு புகைத்தார் என்பதை அளக்கும் கணக்கு இது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட் வீதம், ஒரு வருடம் பிடித்தால் அது 1 பேக் இயர். ஒரு நாள் எண்ணிக்கையை வருடங்களால் பெருக்கி 20-ஆல் வகுத்தால் போதும்.

ஆனால் யாரும் வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் பிடிப்பதில்லை. அதனால் காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 22 வயதிலிருந்து 32 வரை தினம் 8 சிகரெட் என்றால் 8 × 10 ÷ 20 = 4. அப்புறம் 50 வயது வரை தினம் ஒரு பாக்கெட் என்றால் 18. மொத்தம் 22 பேக் இயர். நடுவில் இரண்டு வருடம் விட்டிருந்தால் அந்த இரண்டு வருடத்தையும் கழித்துவிட்டுப் பெருக்குங்கள்.

இந்தக் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள். என் மாமாவிடம் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டபோது, “என்ன, அஞ்சாறுதான்” என்றார். பக்கத்தில் இருந்த அத்தை, “காலையில பேப்பர் படிக்கும்போதே மூணு, அதைச் சேர்த்தீங்களா?” என்றார். மறுபடி எண்ணியதில் பதினைந்துக்குப் போய்விட்டது.

படி 2: உங்களுக்கு இது தேவையா?

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021-இல் வைத்த வரையறை இது: வயது 50 முதல் 80 வரை, குறைந்தது 20 பேக் இயர், இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருடத்துக்குள் இருப்பவர். 2013-இல் இதுவே 55 வயது, 30 பேக் இயர் என்று இருந்தது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023-இல் அந்த 15 வருட நிபந்தனையையும் எடுத்துவிட்டது. நாட்டுக்கு நாடு வரம்பு மாறும். உங்கள் மருத்துவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசியில் வேலை பார்த்தது, வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய் வந்தது போன்றவை இந்த வரையறையில் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

சளியில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, விடாத இருமல் இருக்கிறதா? அப்படியானால் இந்தப் பதிவை மூடிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது ஸ்கிரீனிங் அல்ல, முழுப் பரிசோதனை.

படி 3: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

“சாதாரண எக்ஸ்ரே போதாதா?” போதாது. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் நம் உடம்பில் படுவதைவிடக் குறைவு.

மறுபக்கமும் உண்டு. அதே ஆய்வில் எடுத்த சிடி ஸ்கேன்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று சந்தேகம் கிளப்பியது. அப்படிச் சந்தேகப்பட்டவற்றில் நூற்றுக்கு 96-க்கும் மேல் புற்றுநோயே இல்லை. இந்த வீண் பயத்தைத் தாங்க முடியுமா, ஏதாவது கண்டுபிடித்தால் ஆபரேஷனுக்கு உடம்பு இடம் கொடுக்குமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கொடுக்காது என்றால் ஸ்கேனால் பெரிய பயன் இல்லை.

படி 4: ஸ்கேன் நாள்

பட்டினி வேண்டாம், ஊசி கிடையாது. செயினைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, சொல்லும்போது சில நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். நெஞ்சுச் சளியோடு காய்ச்சல் வந்து போயிருந்தால் முன்பே சொல்லுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள். அந்தச் சளியே ஸ்கேனில் சந்தேகப் புள்ளியாகத் தெரியலாம்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

பலர் பதறுவது இங்கேதான். ‘நாட்யூல்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூகுளில் தேடாதீர்கள். அது நுரையீரலில் தெரியும் சிறு புள்ளி, அவ்வளவே. பழைய தொற்றின் தழும்பாகக்கூட இருக்கலாம். ரிப்போர்ட்டின் கடைசியில் ‘லங் ராட்ஸ்’ என்று, சந்தேகம் எவ்வளவு என்பதைக் காட்டும் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1 அல்லது 2 என்றால் அடுத்த வருடம் வரலாம். 3 என்றால் ஆறு மாதத்தில் மறு ஸ்கேன். 4ஏ என்றால் பொதுவாக மூன்று மாதத்தில். 4பி என்றால் பெட் ஸ்கேன் (PET என்னும் வேறு வகை ஸ்கேன்), பயாப்ஸி (சிறு துண்டு திசு எடுத்துச் சோதிப்பது) என்று அடுத்த கட்டம். 0 வந்தால் கலங்க வேண்டாம். பழைய படம் வேண்டும் என்றோ, படம் முழுமையாக இல்லை என்றோ, தொற்று போலத் தெரிகிறது என்றோ அர்த்தம்.

ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்? புள்ளி இருக்கிறது என்பதைவிட அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. 6 மி.மீ உருண்டை 7.5 மி.மீ ஆனால் நமக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடியது போலத் தோன்றும். அதன் கன அளவோ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருக்கும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் இது பிடிபடும். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் பதிந்த சிடி தட்டையும் (CD) கேட்டு வாங்குங்கள்.

படி 6: அடுத்த வருடம்

ஒரு முறை ‘ஒன்றுமில்லை’ என்று வந்துவிட்டால் பலர் திரும்பிப் போவதில்லை. அந்த 20 சதவீதப் பலன் வருடத்துக்கு ஒன்றாக மூன்று ஸ்கேனுக்குக் கூப்பிட்டதில் கிடைத்தது. நல்ல ரிப்போர்ட்டைப் புகைக்க அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அவர்களை நினைத்தால்தான் கவலை. ஸ்கேன் கட்டியைக் கண்டுபிடிக்கும், தடுக்காது. புகையை விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் ரிப்போர்ட் காட்டப் போகும் அன்றே கேளுங்கள். கிளம்பும் முன் அடுத்த ஸ்கேன் தேதியையும் போனில் போட்டுவிடுங்கள். முடிந்தால் உங்கள் போனில் அல்ல, மாமாவுக்கு அத்தை மாதிரி, கணக்கைத் திருத்தியவர் போனில்.