டிராஃபிக் போலீஸ் கை காட்டினால்: இளம் ஓட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்துக்குப் பயந்து, தூரத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நடுரோட்டிலேயே வண்டியைத் திருப்பி, எதிரே வரும் லாரிக்கு நேராக விடுகிற பையன்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. வண்டி ஓட்டத் தொடங்கி ஓரிரு வருடமே ஆன பிள்ளைகள் போலீஸிடம் மாட்டிய கதைகளைக் கேட்டால் ஒன்று தெளிவாகத் தெரியும். முதலில் செய்த தப்பு பெரும்பாலும் ஒரு சலானோடு முடிந்துவிடக்கூடியது. அதற்கு அடுத்த ஒரு நிமிடத்தில் பதற்றத்தில் செய்வதுதான் பணத்தையும் லைசென்ஸையும், சில நேரம் உயிரையும் பறித்துவிடுகிறது.

நிற்காமல் போவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். 2018 மார்ச்சில் திருச்சி திருவெறும்பூர் பக்கம் ஹெல்மெட் சோதனையில் ஒரு தம்பதி நிற்காமல் போனார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிச் சென்று வண்டியை எட்டி உதைத்தார். கீழே விழுந்த அந்தப் பெண் இறந்துபோனார். அந்த அதிகாரி கைது செய்யப்பட்டார், ஊரே திரண்டு மறியல் செய்தது. அவர் செய்தது எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத காரியம். அப்படி விரட்ட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் சாலையில் எதிரில் நிற்பவர் எப்படிப்பட்டவர் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. நம் கையில் இருப்பது நிற்பது ஒன்றுதான்.

தப்பி ஓடினால் கேஸும் தப்பிவிடும் என்று நினைப்பதும் வீண். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், சலான் வண்டிப் பதிவில் கொடுத்த போன் நம்பருக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக வந்துவிடும். சிக்னல்களில் கேமரா வேறு இருக்கிறது.

நிற்பதிலும் ஒரு முறை உண்டு. கை காட்டியதும் சடாரென்று பிரேக் போட்டு இடது பக்கம் வெட்டினால், பின்னால் வரும் பஸ்ஸுக்கு நாம் நிற்கப்போவது தெரியாது. கண்ணாடியைப் பாருங்கள், இண்டிகேட்டர் போடுங்கள், பத்தடி தள்ளிப் போனாலும் பரவாயில்லை, ஓரமாக நிறுத்துங்கள். ஓடப் போகிறவனா, ஒதுங்கப் போகிறவனா என்பது இண்டிகேட்டரைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிப் பேசுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே பேசுகிறவனிடம் யாருமே பொறுமையாகப் பேச மாட்டார்கள்.

கேலரியில் இருக்கும் போட்டோ

"சார், லைசென்ஸ் போட்டோ இருக்கு" என்று போன் கேலரியைத் திறந்து காட்டுவது காலேஜ் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கும் பழக்கம். அது செல்லாது. மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருக்கும் ஆவணங்கள் அசலுக்குச் சமம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018-லேயே அறிவித்துவிட்டது. அதற்காக டிஜிலாக்கருக்குள் நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்த படத்துக்கும் அந்த மதிப்பு வராது. போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வரும். ரோட்டோரம் நின்றுகொண்டு முதல் முறையாக டிஜிலாக்கரைத் திறக்கிறான் பையன். ஆதார் எண்ணைத் தட்டுகிறான். ஓ.டி.பி. வரவில்லை. ஏன் என்று பார்த்தால், பள்ளிக்கூட வயதில் ஆதார் எடுத்தபோது அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா வேலையில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. லைசென்ஸ் உண்மையில் இருந்தும், இல்லாதவனைப் போலக் கை பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதாகிவிடுகிறது. இன்று இரவே உங்கள் போனில் திறந்து பாருங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் என எல்லாம் வருகிறதா என்று பார்த்து, நுழைவதற்கான பின் நம்பரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சாலைகளில் டேட்டா கிடைக்காத இடங்கள் உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் லைசென்ஸ் கார்டைப் பர்ஸிலேயே வைத்திருப்பது நல்லது. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு.

இன்சூரன்ஸில் இன்னொரு குழப்பம். 2018 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கானது) ஐந்து வருடத்துக்கு மொத்தமாகவே எடுக்க வேண்டும். வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதனால் பாலிசித் தாளில் இரண்டு தேதிகள் இருக்கும். முதல் தேதியை மட்டும் பார்த்துவிட்டு "முடிஞ்சிடுச்சு சார்" என்று தானாகவே ஒப்புக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் கட்டாயம் என்று சொல்வது மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸைத்தான். அந்தத் தேதி எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடிந்திருந்தால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000.

நண்பனின் வண்டி

"மச்சான், ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போவதில்தான் பெரிய தொகை மாட்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவனுக்கு 5,000. லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய அபராதங்கள் இவை. டீக்கடை வரை போய் வந்ததற்குப் பத்தாயிரம், அதுவும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. இது போதாதென்று வண்டியையும் பிடித்து வைக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும், பின்னால் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு ஆளை ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு தோழியை ஏற்றிப் போய் மாட்டினால் "லைசென்ஸ் இருக்கு சார்" என்ற வாதம் எடுபடாது.

பதினெட்டு நிரம்பாத தம்பிக்குக் கியர் வண்டி கொடுக்கும் அண்ணன்களும் அப்பாக்களும் இதைப் படிக்க வேண்டும். 2019-இல் சேர்த்த 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டெலிவரி வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ போக வேண்டிய வயதில் லைசென்ஸ் இல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஆர்.சி.யில் யாரோ ஒருவரின் பெயர் இருந்தால், அந்த நேரத்தில் வண்டி உங்களுடையது என்று நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

வாயால் கெடுவது

பெயர் சொல்வதுதான் முதல் தவறு. "மாமா டி.எஸ்.பி. ஆபீஸ்ல இருக்காரு", "வட்டச் செயலாளர் நம்ம ஆளு" என்று ஆரம்பித்தால், விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தவர்கூட பேனாவை எடுத்துவிடுவார். ஸ்டிக்கரும் அப்படித்தான். சம்பந்தமே இல்லாமல் 'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' என்று ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் மீது சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. சித்தப்பாவின் வண்டியை எடுக்கும்போது அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுத்து பொய். "ஹெல்மெட்டை இப்பதான் கழட்டினேன்", "ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறேன்" என்பதையெல்லாம் அவர்கள் ஒரு நாளில் பலமுறை கேட்டுச் சலித்திருப்பார்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் யாருக்கு, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு வரியில் சொல்லுங்கள், அது போதும். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போவதும், தலையில் வைத்து வாரைப் பூட்டாமல் விடுவதும் போடாததற்குச் சமம். பின்னால் உட்கார்ந்திருப்பவரும் போட வேண்டும். இந்த விதிமீறலுக்குச் சட்டம் ஆயிரத்தோடு விடவில்லை, மூன்று மாதம் லைசென்ஸை முடக்கவும் சொல்கிறது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

மூன்றாவது, ஆர்.சி. புக்குக்குள் நூறு ரூபாயை மடித்து வைத்து நீட்டுவது. பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பழக்கம் இது. 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்திக் கேட்டதால் கொடுத்தேன் என்றால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். சென்னையில் 2018 முதலே அபராதத்தைக் கார்டிலோ ஆன்லைனிலோ கட்டும் முறை வந்துவிட்டது. ரொக்கமாகக் கேட்டால், "சார், சலான் போடுங்க, ஆன்லைன்ல கட்டிடறேன்" என்று சொன்னாலே போதும். மரியாதையான வாக்கியம்தான், ஆனால் அதற்கு மேல் பேச்சு வளராது.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. என்ன பிரிவில் கேஸ் என்று கேட்கலாம். சலானில் வண்டி எண், நேரம், இடம், பிரிவு எல்லாம் சரியா என்று படித்துப் பார்க்கலாம், அவசரப்படுத்தினாலும் படியுங்கள். லைசென்ஸை வாங்கி வைத்தால் அதற்கு ரசீது தர வேண்டும். அந்த ரசீதை வைத்துக்கொண்டு அதில் குறித்த தேதி வரை ஓட்டலாம். ஓடும் வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்குவது, "டேய்" போட்டுக் கூப்பிடுவது, கை நீட்டுவது எல்லாம் தவறு. சின்னப் பிள்ளைகள் என்பதால் இப்படி நடத்துவது உண்டு, அதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். ஆனால் அந்தச் சண்டையை அந்த இடத்தில் போடாதீர்கள். நெஞ்சில் இருக்கும் பெயர்ப் பட்டை, நேரம், இடம் மூன்றையும் மனதில் குறித்துக்கொண்டு, மறுநாள் எஸ்.பி. அலுவலகத்திலோ கமிஷனர் அலுவலகத்திலோ எழுத்தில் கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-க்கும் சொல்லலாம். வீடியோ எடுக்க வேண்டிய நிலை வந்தால் தள்ளி நின்று எடுங்கள். முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, கை தட்டிவிடப்பட்டு, தள்ளுமுள்ளு ஆகிவிட்டால் பணி செய்யவிடாமல் தடுத்ததாகக் கிரிமினல் வழக்கு வரும். வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும்போது அந்த வழக்குதான் முன்னால் வந்து நிற்கும்.

ஊதச் சொன்னால்

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். "ஊத மாட்டேன்" என்று அடம்பிடிப்பது சாமர்த்தியம் என்று நண்பர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்து, ஊதவும் மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆவது பிரிவு. குடிக்கவில்லை, கருவிதான் தப்பாகக் காட்டுகிறது என்றால் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள். குடித்தவனின் வண்டியில் பின்னால் ஏறுபவர்களையும் சென்னையில் 2022 முதல் விட்டுவைப்பதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

சலானை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து, அப்படியே மறந்துவிடுகிறார்கள். பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களும் போட்டால் நிலுவை எல்லாம் தெரியும். பழைய வண்டி வாங்குவதற்கு முன்பும் இதைப் பார்க்கலாம்.

இந்த மறைக்கும் பதற்றத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். "உங்கள் வாகனத்துக்குச் சலான்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வரும். தொட்டு நிறுவினால் போனில் வரும் ஓ.டி.பி.க்கள் அவர்கள் கைக்குப் போய், வங்கிக் கணக்கு காலியாகிவிடும். அரசு எந்தச் சலானையும் செயலிக் கோப்பாக அனுப்புவதில்லை. முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்து, நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

சலானே தவறு, அந்த நேரத்தில் வண்டி அந்த ஊரிலேயே இல்லை என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைனில் நடக்கும் நீதிமன்றம்) போனதும் அந்தத் தளத்தில் வழக்கை எதிர்த்து வாதாட விரும்புகிறீர்களா என்ற கேள்வி இருக்கும். 'ஆம்' என்று கொடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அன்றைய டோல் ரசீது, வண்டியின் போட்டோ, சர்வீஸ் பில் என்று கையில் கிடைத்த ஆதாரத்தை எல்லாம் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.